5.10 ஏன் 5.1 ஆகிறது? ஆர் மொழியில் எண்களை ஒழுங்காக அச்சிடுவது

கேள்வி இதுதான்: புள்ளிவிவர வேலைக்கான ஆர் என்ற நிரல் மொழியில் கணக்குப் போட்டு முடித்தாயிற்று. ஆனால் விடைகளை அறிக்கையில் எடுத்து வைத்தால் கோணல்மாணலாக நிற்கின்றன. ரவுண்ட் போட்டு இரண்டு தசமம் கேட்டாலும் 5.10 என்பது 5.1 என்றே வருகிறது. ஒரு லட்சம் 1இ+05 என்று மாறிவிடுகிறது. பத்திகள் நேராக இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டளை உண்டா?

இல்லை. ஏழெட்டு வழிகள் இருக்கின்றன, குழப்பமே அதனால்தான். எது எதற்கு என்று தெரிந்துவிட்டால் அன்றாட வேலைக்கு இரண்டு போதும். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பாகத் தமிழிலேயே எழுதுகிறேன். தட்டும்போது நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். 1இ+05 என்று எழுதுவதில் உள்ள இ அந்த ஆங்கில எழுத்துதான்.

முதலில், நீங்கள் எதுவும் சொல்லாதபோது ஆர் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். ஆருடன் கூடவே வரும் எம்டிகார்ஸ் என்ற தரவை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-ஆம் ஆண்டு ஓர் அமெரிக்கக் கார் பத்திரிகையிலிருந்து எடுத்த 32 கார்களின் விவரம். அதில் எம்பிஜி (ஒரு கேலனுக்கு எத்தனை மைல்) பத்தியின் சராசரியை மட்டும் கேட்டால் திரையில் வருவது 20.09062. அதே தரவின் எல்லாப் பத்திகளுக்கும், பத்திச் சராசரி தரும் கால்மீன்ஸ் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். அதே எம்பிஜி இப்போது 20.090625 என்று நிற்கும். பக்கத்தில் ஹெச்பி (குதிரைத்திறன்) 146.687500, சிலிண்டர் 6.187500. எண் மாறவில்லை, தோற்றம்தான் மாறியிருக்கிறது.

இதற்குக் காரணம் டிஜிட்ஸ் என்ற அமைப்பு. சொல்லாமல் விட்டால் அதன் மதிப்பு 7. பலர் இதை ஏழு தசமம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தசமக் கணக்கு இல்லை, முக்கிய இலக்கங்களின் கணக்கு. புள்ளிக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஏழு. 20.090625 தனியாக வரும்போது ஏழு இலக்கத்தோடு நிற்கிறது, ஆகவே 20.09062. கூட்டமாக வரும்போது விதி வேறு. ஒரு வெக்டரில், அதாவது ஒரே எண் வரிசையில், உள்ள எல்லா எண்களுக்கும் ஒரே தசம எண்ணிக்கைதான். யாருக்கு அதிகம் தேவையோ அவருடைய தேவை எல்லோருக்கும் பொதுவாகிவிடும். எம்டிகார்ஸில் அந்த ஆள் டிராட் என்ற பத்தி. அதன் சராசரி 3.5965625. ஏழு இலக்கம் காட்ட அதற்கு ஆறு தசமம் வேண்டும். அதற்காக மற்ற பத்தும் ஆறு தசமம் சுமக்கின்றன. பந்தியில் ஒருவர் பாயசம் கேட்டால் வரிசை முழுக்க ஊற்றிக்கொண்டே போவது மாதிரி.

இந்த ஏழு இலக்கக் கணக்கு பண விவரத்தில் நேரடியாகக் கடிக்கும். 1234567.89 என்று பிரிண்ட் செய்தால் 1234568 என்று வரும். பன்னிரண்டு லட்சத்துச் சொச்சத்தில் 89 பைசா எங்கே போயிற்று என்று தேடுவீர்கள். எங்கும் போகவில்லை. உள்ளே பத்திரமாக இருக்கிறது, காட்டப்படவில்லை, அவ்வளவுதான். திரையில் எழுதும் கேட் கட்டளையும் இதே ஏழைத்தான் பார்க்கும். எண்ணை எழுத்தாக்கி ஒட்டும் பேஸ்ட் மட்டும் வேறு வழியில் போகிறது, அது 15 இலக்கம் வரை எடுக்கும். மூன்றில் ஒன்றை கேட் 0.3333333 என்று காட்டும், பேஸ்ட் 0.333333333333333 என்று நீட்டும். ஒரே எண்ணை இரண்டு கட்டளையில் இரண்டு நீளத்தில் பார்த்தால் பயப்பட வேண்டாம்.

சரி, 1இ+05 எங்கிருந்து வருகிறது? ஒன்றைப் பத்தின் ஐந்தாம் அடுக்கால் பெருக்கு என்பதன் சுருக்கம் அது, அறிவியல் முறை என்பார்கள். ஆர் இதில் கஞ்சத்தனம் பார்க்கிறது. 100000 என்று எழுத ஆறு எழுத்து, 1இ+05 என்று எழுத ஐந்து. ஐந்து சிறியது, ஆகவே அது. 123456 என்றால் அறிவியல் முறையில் எழுத அதிக இடம் பிடிக்கும், எனவே சாதாரணமாகவே வரும். 0.0001-உம் இதே காரணத்தால்தான் 1இ-04 ஆகிறது. ஒரு வெக்டரில் ஒரே ஒரு பொடி எண் இருந்தாலும், 0.001234567 போல, பக்கத்தில் இருக்கும் 123456.789-ஐயும் சேர்த்து இழுத்துக்கொண்டு முழு வரிசையையும் அறிவியல் முறைக்கு மாற்றிவிடும்.

இது வெறும் அழகுப் பிரச்சினை என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரு வீட்டுக் கணக்கெடுப்பு வேலையில் தொகுதி எண்ணை லட்சத்தால் பெருக்கி, வீட்டு எண்ணைக் கூட்டி, அடையாள எண் உண்டாக்கியிருந்தோம். வீட்டு எண் 0 என்பது அந்தத் தொகுதி மேற்பார்வையாளரின் படிவம். பேஸ்ட் போட்டு அந்த எண்களை எழுத்தாக்கி இன்னொரு பட்டியலோடு இணைத்தபோது சரியாக ஒன்பது வரிகள் மட்டும் பொருந்தவில்லை. இரண்டு நாள் தரவைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆறு இலக்க எண்களில் 1இ+05 வடிவத்துக்கு மாறக்கூடியவை 100000, 200000 என்று தொடங்கி 900000 வரை ஒன்பதே ஒன்பதுதான். ஒன்பது தொகுதி, ஒன்பது மேற்பார்வையாளர். இணைப்பில் ஒரு பக்கம் 300000, மறுபக்கம் 3இ+05. பிறகு எப்படிப் பொருந்தும்? அடையாள எண்ணை பேஸ்ட்டிடம் கொடுக்காதீர்கள். எண்ணுக்கு அச்சு வடிவம் கொடுக்கும் ஸ்பிரிண்ட்-எஃப் கட்டளையில் %06டி என்று கொடுங்கள். முன்னால் பூஜ்யம் நிரப்பி ஆறு இலக்கமாக வரும். சிஎஸ்வி கோப்பாக எழுதும்போதும் இதே ஆபத்து உண்டு. அந்தப் பத்தியை எழுதும் முன் முழு எண் வகைக்கு, அதாவது இன்டிஜருக்கு, மாற்றிவிட்டால் தொல்லை இல்லை.

இணையத்தில் எல்லோரும் சொல்லும் வைத்தியம், ஆப்ஷன்ஸ் என்ற பொது அமைப்பில் சைபென்-ஐ 999 ஆக்குவது. அறிவியல் முறைக்குக் கடும் அபராதம் போடுவது என்று பொருள். வேலை செய்யும். ஆனால் பிறகு ஒரு ரிக்ரெஷன் (ஒன்று மற்றொன்றோடு எப்படி மாறுகிறது என்ற கணக்கு) ஓட்டினால் மிகச் சிறிய பி-மதிப்புகள் (தொடர்பே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு விடை வரும் நிகழ்தகவு) எல்லாம் 0.00000000000000022 என்று ரயில் பெட்டி போல நீளும். ஸ்கிரிப்ட் முழுவதற்கும் அதைப் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. தேவைப்படும் இடத்தில், எண்ணை எழுத்தாக்கும் ஃபார்மட் கட்டளைக்குள் சயன்டிஃபிக் = ஃபால்ஸ் என்று கொடுத்தால் போதும். டிஜிட்ஸை 22 வரை ஏற்றலாம் என்பதும் அப்படித்தான். 17-ஆக்கிவிட்டு 0.1 + 0.2 கேட்டால் 0.30000000000000004 என்று வரும். கணினி இரண்டடிமானத்தில் வைத்திருக்கும் நிஜம் அது. அறிக்கை படிப்பவருக்கு அது எதற்கு?

இப்போது உங்கள் 5.10-க்கு வருவோம். ரவுண்ட் என்பது கணக்குக் கட்டளை. அச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது ஓர் எண்ணை வாங்கி இன்னோர் எண்ணைத் திருப்பித் தரும். எண்ணாகப் பார்த்தால் 5.1-உம் 5.10-உம் ஒன்றுதான், கடைசிப் பூஜ்யத்தை வைத்துக்கொள்ள எண்ணுக்குள் இடமே கிடையாது. அந்தப் பூஜ்யம் வேண்டுமென்றால் எண்ணை எழுத்துச்சரமாக்கித்தான் ஆக வேண்டும். அதற்குத்தான் ஃபார்மட், ஃபார்மட்-சி, ஸ்பிரிண்ட்-எஃப் மூன்றும். சில சமயம் ரவுண்ட் மட்டும் போட்டே 5.10 வந்திருக்குமே என்று கேட்பீர்கள். பக்கத்தில் 3.14 இருந்திருக்கும், மேலே சொன்ன பந்தி விதியால் அதற்கும் இரண்டு தசமம் கிடைத்திருக்கும். தனியாக எடுத்தால் போய்விடும்.

ஃபார்மட்டில் என்-ஸ்மால் = 2 என்று கொடுத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் நிறைய. 3.14159-ஐ அப்படிக் கொடுத்தால் 3.14159 என்றே வரும். என்-ஸ்மால் என்பது குறைந்தபட்சம் இத்தனை தசமம் என்ற உத்தரவாதம், உச்சவரம்பு இல்லை. இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும்: ஃபார்மட்(ரவுண்ட்(எக்ஸ், 2), என்ஸ்மால் = 2). ரவுண்ட் மேலே வெட்டும், என்-ஸ்மால் கீழே தாங்கும். 3.14 வரும், 5.10 வரும். ஃபார்மட்டின் நல்ல குணம், முழு வெக்டருக்கும் ஒரே அகலம் கொடுத்து இடப்பக்கம் இடைவெளி நிரப்புவது. வாக்கியத்துக்குள் எண்ணை ஒட்டும்போது அதே குணம் கெட்ட குணமாகும். தேவையில்லாத இடைவெளி வந்து நிற்கும். அப்போது ட்ரிம் = ட்ரூ.

நான் தினமும் எடுப்பது ஸ்பிரிண்ட்-எஃப்தான். சி மொழியிலிருந்து வந்தது. ஆருக்கு முன்னோடியான எஸ் மொழி பிறந்த பெல் ஆய்வகத்தில்தான் சி மொழியும் பிறந்தது, ஆகவே இது வீட்டுச் சொத்து மாதிரி. %8.2எஃப் என்றால் மொத்த அகலம் எட்டு, அதில் புள்ளிக்குப் பின் இரண்டு. எண் எட்டுக்குள் அடங்காவிட்டால் வெட்டாது, வெளியே நீட்டிக்கொள்ளும். அகலத்துக்கு முன் கழித்தல் குறி போட்டால் இடப்பக்கம் ஒட்டும், கூட்டல் குறி போட்டால் நேர்மறை எண்ணுக்கும் + வரும். விழுக்காட்டுக் குறியே அச்சில் வேண்டுமென்றால் இரண்டு முறை போடுங்கள்: %.1எஃப்%%. வெக்டரைக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் செய்து தரும், லூப் வேண்டாம். விடுபட்ட மதிப்பு என்ஏ என்றே அதே அகலத்துக்குள் வந்து உட்காரும், பத்தி கலையாது. %டி என்பது முழு எண்ணுக்கு மட்டும். 3 கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், 3.5 கொடுத்தால் பிழை சொல்லி நிற்கும். அந்தப் பிழையை நான் நன்மையாகவே எடுத்துக்கொள்கிறேன். முழு எண் என்று நினைத்திருந்த ஒன்று அப்படி இல்லை என்று அங்கேதான் தெரியவரும்.

ஒரு சின்னக் கோளாறு உண்டு. -0.001-ஐ இரண்டு தசமத்தில் கேட்டால் ஸ்பிரிண்ட்-எஃப் -0.00 என்று தரும். பூஜ்யத்துக்கு எதற்குக் கழித்தல் குறி என்று மேலதிகாரி கேட்பார். ரவுண்டும் ஃபார்மட்டும் சேர்ந்த வழியில் போனால் இது வராது.

அடுத்து .5 விவகாரம். ரவுண்ட்(2.5) கேட்டால் ஆர் 2 என்று சொல்லும். ரவுண்ட்(3.5) கேட்டால் 4. பள்ளியில் பாதி வந்தால் மேலே ஏற்று என்று படித்தவர்கள் இதைப் பிழை என்பார்கள். பிழையில்லை. சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போ என்ற சர்வதேசத் தரவிதி அது. எப்போதும் மேலேயே ஏற்றினால் பெரிய கூட்டுத்தொகை மெல்ல மேல்நோக்கிச் சாயும், அதைத் தவிர்க்கத்தான். இன்னொன்று இதைவிட வழுக்கும். 1.005-ஐ இரண்டு தசமத்தில் ஸ்பிரிண்ட்-எஃப்பிடம் கேட்டால் 1.00 வரும். இங்கே இரட்டை விதி குற்றவாளி இல்லை. கணினிக்குள் 1.005 என்ற எண்ணே கிடையாது, 1.00499999999999989 போன்ற ஒன்றுதான் இருக்கிறது. அது பாதிக்குக் கீழே, ஆகவே கீழே போகிறது. பணக் கணக்கில் இந்தச் சண்டையே வேண்டாம் என்றால் தொகையைப் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்டிஜர் வகையில் வைக்காதீர்கள். அதன் உச்சம் 2147483647. பைசாவில் அது 2,14,74,836 ரூபாய் 47 பைசாவோடு முடிந்துவிடும். அதைத் தாண்டினால் என்ஏ. சாதாரண நியூமெரிக் வகை 9007199254740992 வரை எல்லா முழு எண்ணையும் பிசகாமல் தாங்கும். அவ்வளவு பைசாவுக்குக் கணக்கு எழுதும் வேலை நமக்கு வராது.

இப்போது வந்த 2,14,74,836-ல் காற்புள்ளிகளைக் கவனித்தீர்களா? ஆருக்கு இந்த முறை தெரியாது. பிக்.மார்க் = "," கொடுத்தால் மூன்று மூன்றாகத்தான் பிரிக்கும், 21,474,836 என்று. மில்லியன்காரர்களுக்கு அது சரி. லட்சம், கோடி என்று படிக்கிற நமக்குக் கண் தடுக்கும். எத்தனை இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி என்பதை பிக்.இன்டர்வல் மாற்றும், ஆனால் ஒரே எண்ணிக்கைதான் கொடுக்கலாம். முதலில் மூன்று, அப்புறம் இரண்டிரண்டு என்று சொல்ல வழியில்லை. நான் செய்யும் தந்திரம், எண்ணை ஆயிரத்தில் உடைப்பது.

12345678-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தால் முழுவகுத்தல் செய்தால், அதாவது %/% போட்டால், 12345. மீதி, அதாவது %% போட்டால், 678. முதல் பாதியை பிக்.மார்க் = ",", பிக்.இன்டர்வல் = 2 என்று ஃபார்மட்டுக்குக் கொடுத்தால் 1,23,45. இரண்டாம் பாதியை %03டி என்று ஸ்பிரிண்ட்-எஃப்புக்கு. நடுவில் ஒரு காற்புள்ளி வைத்து ஒட்டினால் 1,23,45,678. வேலை முடிந்தது. %03 எதற்கு? 5007 என்றால் மீதி வெறும் 7. பூஜ்யம் நிரப்பாவிட்டால் 5,7 என்று வந்து நிற்கும்.

இதை ஃபங்ஷனாக எழுதி நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து "1இ+05,000 என்றால் எவ்வளவு?" என்று கேட்டு அனுப்பினார். சரியாகப் பத்துக் கோடி வந்த இடம் அது. ஆயிரத்தால் வகுத்தால் ஒரு லட்சம், லட்சத்தை ஃபார்மட் சுருக்கிவிட்டது. நானே ஊருக்கெல்லாம் சொல்லும் பாடத்தை நானே மறந்திருந்தேன். சயன்டிஃபிக் = ஃபால்ஸ் சேர்த்ததும் 10,00,00,000 ஒழுங்காக வந்தது. இன்னும் மூன்று ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஆயிரத்துக்குக் கீழ் உள்ள எண்ணை உடைக்காமல் அப்படியே விடுங்கள், இல்லையென்றால் 0,678 ஆகும். கழித்தல் எண்ணுக்குக் குறியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள், ஏனென்றால் -1500-ஐ %/% ஆயிரத்தால் வகுத்தால் ஆர் -2 என்று கீழ்நோக்கிப் போகும். பைசா இருந்தால் முதலில் மொத்தத்தையும் பைசாவாக்கி ரவுண்ட் செய்த பிறகு பிரியுங்கள். ரூபாயைத் தனியே பிரித்துவிட்டுப் பைசாவை மட்டும் ரவுண்ட் செய்தால் 999.999 என்பது 999 ரூபாய் 100 பைசா என்று வந்து அவமானப்படுத்தும்.

இப்படி அலங்கரித்த எதுவும் இனி எண் இல்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள். அது எழுத்து. "1,200"-ஐயும் "950"-ஐயும் வரிசைப்படுத்தச் சொன்னால் அகராதி முறையில் 1,200 முதலில் வரும். திரும்ப எண்ணாக்கப் போனால் காற்புள்ளி தடுத்து என்ஏ கிடைக்கும். அதனால் அசல் டேட்டா ஃப்ரேமை, அதாவது தரவு அட்டவணையை, தொடாமல், அச்சுக்கென்று ஒரு நகல் எடுத்து அதில் மட்டும் இந்த வேலைகளைச் செய்வேன். நகலின் பெயரில் அச்சு என்று இருக்கும். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் எதைக் கூட்டலாம், எதைக் கூட்டக்கூடாது என்று பெயரே சொல்லிவிடும்.

பி-மதிப்புக்கு ஃபார்மட்.பிவேல் என்று தனிக் கட்டளையே இருக்கிறது. எப்ஸ் = 0.001 கொடுத்தால் அதற்குக் கீழ் உள்ளவற்றை "0.001-ஐ விடக் குறைவு" என்ற குறியோடு எழுதும். 0.000 என்று அச்சிடுவதை விட எவ்வளவோ மேல், நிகழ்தகவு பூஜ்யமாகிவிடவில்லை அல்லவா? ரிக்ரெஷன் சுருக்கத்தில் பார்க்கும் 2.2இ-16-ஐ விடக் குறைவு என்ற வரியும் இதே கட்டளை தருவதுதான். டேட்டா ஃப்ரேமின் இன்னொரு வடிவமான டிபிள் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: அது இயல்பாக மூன்று முக்கிய இலக்கம்தான் காட்டும். 123457. என்று எண்ணுக்குப் பின் வெறும் புள்ளி தெரிந்தால், தசமம் இருக்கிறது, காட்டவில்லை என்று பொருள். வேர்டு அல்லது வலைப்பக்க அறிக்கை என்றால் நிட்டர் தொகுப்பில் அட்டவணை போடும் கேபிள் கட்டளைக்கு டிஜிட்ஸை வெக்டராகவே கொடுக்கலாம், பத்திக்கு ஒன்றாக.

கடைசியாக, தமிழில் வரித்தலைப்பு வைப்பவர்களுக்கு. கன்சோலில் ஊர்ப் பெயரை முதலிலும் எண்களை அடுத்தும் வைத்து %-12எஸ் என்று அகலம் கொடுப்பீர்கள், பத்தி நேராக நிற்காது. உங்கள் தவறு இல்லை. வேலூரும் சேலமும் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும், அதற்கு வேலூர் ஆறு, சேலம் ஐந்து. அந்தக் கணக்கில்தான் இடைவெளி நிரப்பும். போதாததற்கு, திரையில் தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்திலும் இருப்பதில்லை. இடைவெளியைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்ய முயன்று ஒரு மாலைப்பொழுதை வீணடித்திருக்கிறேன். இப்போது வரிசையைத் திருப்பிவிடுகிறேன்: எண்கள் முன்னால், ஊர்ப் பெயர் வரியின் கடைசியில். பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லாததால் அது எவ்வளவு நீண்டாலும் பத்தி அசையாது.